வாக்குத்தத்த நிலம்: பால்ஃபோர் பிரகடனத்துக்குப் பின்னால் இருந்த பைபிள் வாசிப்பு



பால்ஃபோர் பிரகடனம் பற்றிய விடைத்தாள்களைத் திருத்தும்போது இரண்டு வாக்கியங்கள் அடிக்கடி கண்ணில் படும். ஒன்று, "பைபிளில் எழுதியிருப்பதால் பிரிட்டன் யூதர்களுக்கு நாடு கொடுத்தது." இன்னொன்று, "போரில் ஜெயிப்பதற்காக மட்டும்தான் பிரிட்டன் இந்த வாக்கைக் கொடுத்தது." ரெண்டுமே பாதி உண்மை. பாதி உண்மைக்குப் பாதி மதிப்பெண்தான் கிடைக்கும்.

நம்பிக்கைக்கும் அரசியலுக்கும் நடுவில் என்ன தொடர்பு இருந்தது? அதைத்தான் இந்தக் கட்டுரையில் படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். தமிழ் பைபிளில் சீர்திருத்தச் சபையார் 'தீர்க்கதரிசனம்' என்று சொல்வதையே கத்தோலிக்கர் 'இறைவாக்கு' என்கிறார்கள். விடையில் எதை எழுதினாலும் சரி, ஒன்றையே கடைசி வரை பயன்படுத்துங்கள்.

வசனத்தில் என்ன இருக்கிறது?

ஆதியாகமத்தின் 12, 15, 17 ஆகிய அதிகாரங்களில் ஆபிரகாமுக்கும் அவருடைய சந்ததிக்கும் கானான் நாட்டைத் தருவதாகக் கடவுள் வாக்குக் கொடுக்கிறார். இதைத்தான் 'வாக்குத்தத்த நிலம்' என்கிறோம். ஆனால் இந்த வாக்கோடு ஒரு நிபந்தனையும் உண்டு. கட்டளையை மீறினால் மக்கள் பல நாடுகளில் சிதறிப்போவார்கள் என்று உபாகமம் 28 எச்சரிக்கிறது. சிதறியவர்கள் திரும்பி வருவார்கள் என்று எரேமியா, எசேக்கியேல் போன்ற தீர்க்கதரிசிகள் சொன்னார்கள்.

கி.மு. 586 வாக்கில் பாபிலோனியர் எருசலேமை அழித்தார்கள். கி.மு. 538 வாக்கில் பாரசீக மன்னர் சைரஸ் யூதர்கள் திரும்பிப்போக அனுமதி கொடுத்தார். பிறகு கி.பி. 70இல் ரோமானியர் எருசலேம் ஆலயத்தை இடித்தார்கள். 132 முதல் 135 வரை நடந்த கிளர்ச்சியும் தோற்றது. யூதர்கள் எருசலேமுக்குள் நுழையக்கூடாது என்று பேரரசர் ஹாட்ரியன் தடை போட்டார். கலிலேயா போன்ற பகுதிகளில் யூதர்கள் தொடர்ந்து வாழ்ந்தாலும் அவர்களுக்கென்று ஓர் அரசு இல்லை.

இங்கேதான் கேள்வி பிறக்கிறது. திரும்பி வருவார்கள் என்ற வாக்கு சைரஸ் காலத்திலேயே நிறைவேறி முடிந்துவிட்டதா? இல்லை, இன்னும் ஒரு முறை நடக்கப்போகிறதா?

முதல் 1500 ஆண்டுகள்

பழைய திருச்சபையின் பெரும்பான்மைப் பதில், 'வாக்கு இப்போது சபைக்குச் சொந்தம்' என்பது. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜஸ்டின், கிறிஸ்துவை ஏற்றவர்களே உண்மையான இஸ்ரவேல் என்று வாதிட்டார். நிலம் என்பதை மோட்சத்துக்கும் ஆவிக்குரிய வாழ்வுக்கும் அடையாளமாகப் பலர் விளக்கினார்கள். வட ஆப்பிரிக்காவின் அகஸ்டின் (354–430), யூதர்கள் சிதறி வாழ்வதே வேதம் உண்மை என்பதற்குச் சாட்சி என்றார். அவர்களைக் கொல்லக்கூடாது, ஆனால் அவர்கள் சிதறியே இருப்பார்கள் என்பது அவர் விளக்கத்தின் சாரம்.

ஆக, ஏறக்குறைய 1500 ஆண்டுகள் இதே பைபிளைப் படித்த ஐரோப்பா, யூதர்களுக்கு அந்த நிலத்தை மீட்டுத்தர வேண்டும் என்று நினைக்கவில்லை. இந்த ஒரு செய்தி போதும், மேலே சொன்ன முதல் வாக்கியத்தின் குறை தெரிந்துவிடும். பைபிளில் இருப்பது மட்டுமே காரணம் என்றால், 1917 வரை காத்திருந்தது ஏன்?

இங்கிலாந்தில் வந்த மாற்றம்

சமயச் சீர்திருத்தத்துக்குப் பிறகு பைபிள் மக்கள் மொழிகளில் வந்தது. ஆங்கிலத்தில் 1560இல் ஜெனீவா பைபிளும் 1611இல் ஜேம்ஸ் மன்னர் பைபிளும் அச்சாகின. சாதாரண மக்கள் பழைய ஏற்பாட்டைத் தாங்களே படித்தார்கள். 'இஸ்ரவேல்' என்று இருந்தால் அது இஸ்ரவேல்தான், சபை அல்ல என்று பியூரிட்டன்களில் ஒரு பகுதியினர் நேரடிப் பொருள் கொண்டார்கள். ரோமர் 11ஆம் அதிகாரம் அவர்களுக்கு முக்கிய ஆதாரம்.

1621இல் சர் ஹென்றி ஃபின்ச் என்ற வழக்கறிஞர், யூதர்கள் தங்கள் நாட்டுக்குத் திரும்பிப் பேரரசு அமைப்பார்கள் என்று ஒரு நூல் எழுதினார். மற்ற மன்னர்கள் அந்தப் பேரரசுக்குத் தலைவணங்குவார்கள் என்ற கருத்து முதலாம் ஜேம்ஸ் மன்னரைக் கோபப்படுத்தியது. ஃபின்ச் கைதானார், நூலும் அடக்கப்பட்டது. அதாவது, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த விளக்கம் அரசுக்குப் பிடிக்காத விளக்கம்.

யூதர்கள் நாடு திரும்புவார்கள் என்ற இந்த நம்பிக்கையை வரலாற்று நூல்கள் 'மீட்டெடுப்புக் கொள்கை' என்ற பொருளில் குறிப்பிடுகின்றன. இதில் இன்னொரு பக்கமும் உண்டு. இந்தக் கொள்கையினரில் பெரும்பாலோர், யூதர்கள் கடைசியில் கிறிஸ்துவை ஏற்பார்கள் என்றே எதிர்பார்த்தார்கள். 1809இல் லண்டனில் யூதர்களிடையே கிறிஸ்தவத்தைப் பரப்புவதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. யூதர்மேல் அன்பு இருந்தது, ஆனால் யூதர் யூதராகவே இருப்பதை ஏற்றுக்கொண்ட அன்பு என்று அதைச் சொல்லிவிட முடியாது.

ஷாப்ட்ஸ்பரியும் பால்மர்ஸ்டனும்

தொழிற்புரட்சிப் பாடத்தில் ஷாப்ட்ஸ்பரி பிரபுவைப் படித்திருப்பீர்கள். சுரங்கத்தில் பெண்களும் சிறுவர்களும் வேலை செய்வதைக் கட்டுப்படுத்திய 1842ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னால் இருந்தவர். அதே மனிதர்தான் யூதர்கள் பாலஸ்தீனம் திரும்புவதற்கும் உழைத்தார். இரண்டுக்கும் அடிப்படை அவருடைய ஆழ்ந்த சுவிசேஷ நம்பிக்கை.

அவருடைய மாமியாரை மணந்தவர் வெளியுறவு அமைச்சர் பால்மர்ஸ்டன். அப்போது சிரியாவும் பாலஸ்தீனமும் எகிப்தின் முகம்மது அலி கையில் இருந்தன. ஓட்டோமான் சுல்தானைத் தாங்கிப் பிடிப்பது பிரிட்டனின் கொள்கை. பால்மர்ஸ்டனிடம் தீர்க்கதரிசனம் பேசிப் பயனில்லை என்பது ஷாப்ட்ஸ்பரிக்குத் தெரியும். அரசியல், பணம், வாணிகம் ஆகியவற்றைச் சொல்லித்தான் வாதாட வேண்டியிருக்கிறது என்று 1840இல் தன் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார். அதே ஆண்டு ஆகஸ்டில், யூதர்கள் பாலஸ்தீனத்தில் குடியேற சுல்தான் ஊக்கம் தர வேண்டும் என்று பால்மர்ஸ்டன் தன் தூதருக்கு எழுதினார்.

மாணவர்களே, இந்த நிகழ்ச்சியை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நம்பிக்கை ஒருவரிடம், அதிகாரம் இன்னொருவரிடம். அரசின் நலனும் அதே திசையில் போனபோதுதான் கடிதம் எழுதப்பட்டது.

ஹெர்சலும் பாதிரியாரும்

1881க்குப் பிறகு ரஷ்யப் பேரரசில் யூதர்கள் தாக்கப்பட்டார்கள். பிரான்சில் 1894இல் டிரைஃபஸ் வழக்கு வெடித்தது. இந்தச் சூழலில் தியோடர் ஹெர்சல் 1896இல் 'யூத அரசு' என்ற நூலை வெளியிட்டார். அவர் தீவிர மதப்பற்றாளர் இல்லை, ஒரு பத்திரிகையாளர். யூத எதிர்ப்புக்குத் தீர்வாகவே அரசு கேட்டார். சீயோனிச இயக்கம் யூதர்கள் தங்கள் துன்பத்திலிருந்து தொடங்கிய இயக்கம். கிறிஸ்தவர்கள் உருவாக்கிய இயக்கம் என்று எழுதிடாதீங்க.

ஆனால் நூல் வெளியான சில வாரங்களிலேயே அவரைத் தேடி வந்தவர் ஒரு பாதிரியார். வியன்னாவில் பிரிட்டிஷ் தூதரகத்தின் குரு வில்லியம் ஹெக்லர். தீர்க்கதரிசனத்தைக் கணக்குப் போட்டு, மீட்பின் காலம் நெருங்கிவிட்டது என்று நம்பியவர். பாடன் நாட்டுப் பிரபுவிடம் ஹெர்சலை அறிமுகப்படுத்தி, ஜெர்மன் பேரரசரைச் சந்திக்கும் வழியைத் திறந்துவிட்டார். 1898இல் அந்தச் சந்திப்பு நடந்தது, ஆனாலும் பேரரசர் எதுவும் தரவில்லை. பாதிரியாரின் நம்பிக்கையால் கதவைத் திறக்க முடிந்தது, நாட்டை வாங்கித் தர முடியவில்லை.

1917: எது காரணம்?

1917 நவம்பர் 2ஆம் நாள் வெளியுறவு அமைச்சர் ஆர்தர் பால்ஃபோர், ரோத்ஸ்சைல்ட் பிரபுவுக்குக் கடிதம் எழுதினார். யூதர்களுக்குப் பாலஸ்தீனத்தில் ஒரு தேசிய இல்லம் அமைவதை அரசு ஆதரிக்கிறது என்றது கடிதம். பிரதமர் லாயிட் ஜார்ஜ் வேல்ஸ் நாட்டுச் சிற்றாலயச் சூழலில் பைபிள் படித்து வளர்ந்தவர். தன் சொந்த நாட்டு வரலாற்றைவிட யூதர் வரலாறே தனக்கு அதிகம் கற்பிக்கப்பட்டது என்று பின்னாளில் பேசியிருக்கிறார். பாலஸ்தீனம், யூதர் இரண்டையும் சேர்த்து நினைப்பது இவர்களுக்கு இயல்பாக இருந்தது.

அது போதுமா? போதாது. பால்ஃபோர் பிரதமராக இருந்த 1903இல் பிரிட்டன் யூதர்களுக்குக் கொடுக்க முன்வந்தது பாலஸ்தீனத்தை அல்ல, கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு நிலப்பகுதியை. அப்போது பாலஸ்தீனம் ஓட்டோமான் கையில் இருந்தது. 1905இல் அவருடைய அரசே அந்நியர் சட்டம் கொண்டுவந்து, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பிரிட்டனுக்கு வந்த யூதர்களைக் கட்டுப்படுத்தியது. தீர்க்கதரிசனம் மட்டுமே வழிகாட்டியிருந்தால் இவை நடந்திருக்குமா?

1917இல் நிலைமை மாறியிருந்தது. அமெரிக்க, ரஷ்ய யூதர்களின் ஆதரவு போருக்குத் தேவை என்று அமைச்சரவை எண்ணியது. சுயஸ் கால்வாய்க்குப் பக்கத்தில் பிரான்ஸ் காலூன்றக்கூடாது என்ற கவலையும் இருந்தது. பிரிட்டிஷ் படை பாலஸ்தீனத்தை நோக்கி முன்னேறிக்கொண்டிருந்தது, டிசம்பரில் எருசலேமும் விழுந்தது. போர் நலன்தான் உடனடிக் காரணம். பைபிள் வாசிப்பு நீண்டகாலப் பின்னணி.

விட்டுப்போன மக்கள்

அமைச்சரவைக்குள்ளேயே எதிர்ப்பும் இருந்தது. இந்திய விவகார அமைச்சர் எட்வின் மாண்டேகு ஒரு யூதர். மாண்டேகு–செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தம் வழியாக நமக்குத் தெரிந்தவர்தான். இந்தத் திட்டம் மற்ற நாடுகளில் வாழும் யூதர்களை அந்நியராக்கிவிடும் என்று அவர் கடுமையாக எதிர்த்தார். வங்கப் பிரிவினை செய்த கர்சன் பிரபு வேறொரு கேள்வி கேட்டார்: அங்கே ஏற்கெனவே வாழும் மக்கள் என்ன ஆவார்கள்?

நியாயமான கேள்வி. 1922 கணக்கெடுப்பில் பாலஸ்தீனத்தின் மக்கள் தொகை சுமார் 7 லட்சத்து 50 ஆயிரம். அதில் யூதர் சுமார் 11 விழுக்காடு. மீதிப் பேரில் பெரும்பாலோர் முஸ்லிம்கள், 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கிறிஸ்தவர்கள். இந்தப் பெரும்பான்மையைப் பிரகடனம் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. 'யூதரல்லாத சமூகங்கள்' என்ற பொருளில்தான் சொன்னது. அவர்களுடைய குடிமை உரிமையையும் சமய உரிமையையும் காப்பதாகச் சொன்னது, அரசியல் உரிமையைச் சொல்லவில்லை. தீர்க்கதரிசன வரைபடத்தையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அந்த நிலத்தில் உழுதுகொண்டிருந்த விவசாயி தெரியவில்லை.

அந்த மக்களில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். ஆங்கிலிக்கன் குரு நயீம் அதீக் 1937இல் பேய்சானில் பிறந்தவர். 1948இல் அவர் குடும்பம் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டது. தங்கள் இழப்புக்கே பைபிள் காரணமாகக் காட்டப்பட்டபோது, பாலஸ்தீனக் கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாட்டைப் படிக்கவே சிரமப்பட்டார்கள் என்று 1989இல் வெளியான தன் நூலில் விளக்கினார். 2006இல் எருசலேமின் நான்கு சபைத் தலைவர்கள் கிறிஸ்தவ சீயோனிசத்தை நிராகரித்து அறிக்கை விட்டார்கள். மறுபக்கம், அமெரிக்க சுவிசேஷச் சபைகளில் பலர் 1948ஐயும் 1967ஐயும் தீர்க்கதரிசனம் நிறைவேறியதாகவே காண்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபை 1965இல், கடவுள் யூதர்களைக் கைவிட்டதாகச் சொல்லக்கூடாது என்றது, ஆனால் நிலம் யாருக்கு என்று அந்த அறிக்கை பேசவில்லை. ஆகவே "கிறிஸ்தவர்கள் நம்பினார்கள்" என்று மொத்தமாக எழுத முடியாது. எந்தச் சபை, எந்தக் காலம் என்று குறிப்பிடுங்கள்.

தேர்வில் எப்படி எழுதுவது?

"பால்ஃபோர் பிரகடனத்துக்குச் சமய நம்பிக்கையே முக்கியக் காரணம். விவாதிக்க." இப்படி ஒரு கேள்வி வந்தால் மூன்று படியில் போங்கள்.

1. பின்னணி: 17ஆம் நூற்றாண்டு முதல் வளர்ந்த நேரடி வாசிப்பு. ஃபின்ச், ஷாப்ட்ஸ்பரி, ஹெக்லர் ஆகியோரைச் சான்றாகக் காட்டுங்கள்.

2. வரம்பு: 1903 கிழக்கு ஆப்பிரிக்கத் திட்டம், 1905 அந்நியர் சட்டம், 1917 போர்த் தேவை.

3. முடிவு: நம்பிக்கை எண்ணத்தைத் தயார் செய்தது, எப்போது என்பதைப் போர் நலன் தீர்மானித்தது. யூதர்களின் சொந்த இயக்கம் கோரிக்கையை முன்வைத்தது.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. நம் வகுப்பில் பல சமயப் பிள்ளைகள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். "வசனம் உண்மையா சார்?" என்று ஒரு பிள்ளை கேட்கலாம். அந்தப் பதிலை அந்தப் பிள்ளையின் வீடும் வழிபாட்டு இடமும் சொல்லட்டும். யார் வாசித்தார்கள், எந்தக் காலத்தில், அந்த வாசிப்பால் யாருக்கு என்ன நடந்தது? வரலாற்று வகுப்பில் நாம் கேட்கவேண்டிய கேள்விகள் இவைதான்.