எலும்பு எண்ணிரலாம் போல இருக்கே!

ராஜபாளையம் நாய் வளர்ப்பவர்கள் எல்லாரும் வாங்கிக் கட்டிக்கொண்ட கேள்வி ஒன்று உண்டு. "என்ன அண்ணாச்சி, நாய்க்குச் சோறு போடுறது இல்லையா? எலும்பு எண்ணிரலாம் போல இருக்கே!" இந்தக் கேள்விக்குக் கூச்சப்பட்டே நான் ஒரு நல்ல நாயைக் கெடுத்தேன். அந்தக் கதைக்கு முன், நாயின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் நாய் வேட்டைக்காக வளர்ந்தது. வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, ஆழமான நெஞ்சு, உள்வாங்கிய வயிறு, நீண்ட கால். ராஜுக்களின் முன்னோர் விஜயநகர காலத்தில் தெற்கே வந்தபோது இந்த நாய்களும் வந்தன என்று பெரியவர்கள் சொல்வார்கள். மேற்கே மலையடிவாரத்தில் காட்டுப்பன்றியைத் துரத்த அந்த உடம்புதான் வேண்டும். கொழுத்த நாயால் பன்றியின் பின்னால் ஓட முடியாது.

அறுபதுகளில் நான் சிறுவன். எங்கள் தெருக்கோடி வீட்டில் மூன்று நாய்கள் இருந்தன. சாயங்காலம் ஒரே வேளைதான் சாப்பாடு. கம்பங்கூழில் மோர் ஊற்றிக் கல்தொட்டியில் வைப்பார்கள். கறி என்றைக்காவதுதான். காட்டுக்குப் போகிற நாளில் விடியற்காலையில் ஒன்றும் கொடுக்க மாட்டார்கள். அந்த நாய்களுக்கு விலா தெரிந்தது. தொடையோ கல் மாதிரி இருந்தது. யாரும் அதைப் பட்டினி என்று சொன்னதில்லை.

1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நாய்க்கு வேலை போயிற்று. அந்த மலை 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆனது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். நல்லதுதான், எனக்கு அதில் வருத்தமே இல்லை. ஆனால் நாய் தோட்டத்துக் காவலுக்கும் வீட்டு வாசலுக்கும் சங்கிலியோடு வந்துவிட்டது. ஓட்டம் நின்றது, சாப்பாடு மட்டும் கூடியது. கூழ் போய் அரிசிச்சோறு, கறி, பிஸ்கட் என்று ஆனது. 2005-இல் தபால்துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டதில் எங்கள் ஊர் நாயும் ஒன்று. ஆல்பத்தில் ஒட்டிவைத்துவிட்டுப் பெருமையில் அன்றைக்கும் நாய்க்கு ஒரு கை சோறு கூடப் போட்டேன்.

அது பின்னங்கால் விழுந்து, எழுப்பிவிட ஆள் வேண்டிய நிலையில், ஒன்பது வயதில் போய்ச் சேர்ந்தது. வயசு என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது இருக்கும் மணிக்கு ஐந்து வயதிலேயே அதே தள்ளாட்டம் வந்தபோதுதான் பயந்தேன். கால்நடை டாக்டர் முதுகில் கை வைத்துத் தடவிப் பார்த்தார். "விலா எங்கே சார் இருக்கு?" என்றார். தொட்டால் விலா தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்க வேண்டும், இந்த இனத்துக்குக் கடைசி ஒன்றிரண்டு விலா கண்ணுக்கே தெரிந்தாலும் தப்பில்லை என்றார். கூடுகிற ஒவ்வொரு கிலோவையும் இடுப்பு மூட்டுதான் சுமக்கிறதாம். அரிசி மண்டி எடை மெஷினில் ஏற்றினோம். 36 கிலோ! 28 போதும் என்றார். திடீரென்று பட்டினி போடவும் கூடாது, மெதுவாகத்தான் இறக்க வேண்டும்.

வீட்டில் விசாரணை நடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்த மகள் வாரம் தவறாமல் கொண்டுவரும் பால்கோவாவில் பாதி மணிக்குப் போயிருக்கிறது. "வாயில்லா ஜீவன், ஏங்கிப் பாக்குதே" என்றாள் என் மனைவி. ஆண்டாள் கோயில் யானையைத் தேக்கம்பட்டி நலவாழ்வு முகாமுக்கு அனுப்பியதை நினைவுபடுத்தினேன். பவானிக்கரையில் 48 நாள், போனதும் எடை, திரும்பும்போது எடை, அளந்த தீனி, தினமும் நடை. யானைக்கே தராசு என்றால் நாய்க்கு என்ன?

ஒரே ஆள், ஒரே டம்ளர், இரண்டு வேளை. பால்கோவா முற்றிலும் நின்றது, எனக்கும் நிறுத்திவிட்டாள்! விடிந்ததும் சஞ்சீவி மலையடிவாரம் வரை நடை. முதல் வாரம் பாதி வழியில் உட்கார்ந்துகொண்டான். மாதம் ஒருமுறை மண்டியில் நிறுத்துக் காலண்டரில் குறித்தேன். இரண்டாம் மாதம் ஒரு கிராம்கூட இறங்கவில்லை. பேரன் ஒளித்துக் கொடுத்த பிஸ்கட் அப்புறம்தான் தெரிந்தது.

எட்டு மாதத்தில் 29-க்கு வந்தான். போன வாரம் திண்ணைக்கு ஒரே தாவாகத் தாவினான். எதிர்வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்: "என்ன அண்ணாச்சி, நாய்க்குச் சோறு போடுறது இல்லையா?"