சூளைக்கும் ஓடுதளத்துக்கும் நடுவே: ரேவதி வீரமணியும் அவருக்கு முந்தைய பாதையும்

திருவண்ணாமலையில் அடி அண்ணாமலை வழியாகக் கிரிவலம் வருகிறவர்கள் பதினான்கு கிலோமீட்டரை வெறுங்காலோடு நடப்பது விரும்பி ஏற்ற விரதம். மதுரையை அடுத்த சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி வெறுங்காலோடு ஓடியதற்குக் காரணம் காசில்லாமைதான். 2016இல் கோவையில் நடந்த தேசிய ஜூனியர் போட்டியிலும் அவர் ஸ்பைக்ஸ் இல்லாமலே ஓடினார். ஐந்தே ஆண்டில் அவர் டோக்கியோ ஒலிம்பிக் ஓடுதளத்தில் நின்றார்.

ஆறு வயது நிரம்புமுன் பெற்றோர் இருவரையும் இழந்த ரேவதியையும் தங்கையையும் வளர்த்தவர் பாட்டி ஆரம்மாள். வயல்கூலி, செங்கல் சூளை என்று கிடைத்த வேலைக்கெல்லாம் போனார். பேத்திகளையும் வேலைக்கு அனுப்பச் சொன்ன உறவினர்களுக்கு அவர் காது கொடுக்கவில்லை. பள்ளிப் போட்டியொன்றில் ரேவதியைக் கண்ட பயிற்சியாளர் கண்ணன் வீடு தேடி வந்தபோது, முதலில் மறுத்தவரும் அதே பாட்டிதான். மைதானத்துக்குப் போய்வர பஸ் காசு வேண்டுமே!

கண்ணன் செய்த உதவிகளில் பெரியதாக நான் கருதுவது, லேடி டோக் கல்லூரியில் இலவசப் படிப்புக்கும் விடுதிக்கும் வழி செய்ததை. பஸ் காசுச் சிக்கல் அங்கே தீர்ந்தது. மூன்று வேளைச் சாப்பாடும் உறுதியானது. பின்பு பட்டியாலா தேசிய முகாமில் பயிற்சியாளர் கலினா புகாரினா அவரை 400 மீட்டருக்கு மாற்றினார். தென்னக ரயில்வேயின் மதுரைக் கோட்டத்தில் வேலையும் கிடைத்தது.

விடுதி, பயிற்சி, ரயில்வே வேலை என்ற இந்த வரிசை புதிதல்ல. 1976இல் கேரள அரசு கண்ணூரில் தொடங்கிய விளையாட்டுப் பள்ளிக்குப் போன பி.டி. உஷாவும் பின்னாளில் ரயில்வே ஊழியரானார். 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டர் தடையோட்ட வெண்கலம் அவருக்கு நூற்றில் ஒரு விநாடியில் தவறியது. ரேவதியின் கதையைப் பாட்டியின் தியாகமாக மட்டும் எழுதும் பத்திரிகை வழக்கம் இந்த வரிசையைக் கவனிப்பதில்லை.

2021 ஜூலையில் பட்டியாலா தகுதித் தேர்வை ரேவதி 53.55 விநாடிகளில் முடித்தார். அம்மாதம் 30ஆம் தேதி டோக்கியோவில் கலப்பு 4×400 மீட்டர் தொடரோட்டத்தில் முகமது அனஸ், ரேவதி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ் ஓடினார்கள். நால்வரில் மூவர் தமிழ்நாட்டவர். 3 நிமிடம் 19.93 விநாடி. தகுதிச்சுற்றில் கடைசி இடம்.

இதே பாதையில் ஏறியும் கைவிடப்பட்டவர் ஒருவர் உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தரராஜன், சூளைத் தொழிலாளர்களான தலித் பெற்றோரின் மகள். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 விநாடிகளில் ஓடி வெள்ளி வென்றார். பின்னர் பாலினச் சோதனையில் தோற்றதாகச் சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். 2012இல் அவர் சூளையில் தினக்கூலிக்குப் போவதாகச் செய்தி வந்தது.

2014இல் ஒடிசாவின் ஓட்ட வீராங்கனை தூத்தி சந்தும் பெண்களின் ஹார்மோன் அளவுக்கு வரம்பு வைத்த விதியால் ஒதுக்கப்பட்டார். ஆனால் இம்முறை வழக்கு விளையாட்டு நடுவர் மன்றம் வரை போயிற்று. 2015 ஜூலையில் அம்மன்றம் அந்த விதியையே நிறுத்திவைத்தது. 2016இல் தூத்தி ரியோவில் ஓடினார். ஒருவருக்குப் பின்னால் வழக்கறிஞர்கள் நின்றார்கள், மற்றவருக்கு யாருமில்லை; இருவரின் முடிவும் வேறுபட்டதற்கு இதையே முதற்காரணம் என்பேன். சாந்தி பெங்களூரில் பயிற்சியாளர் பட்டயம் படித்து, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளரானார். தோஹா பதக்கம் திரும்பி வரவில்லை.