குழந்தைப் பாதுகாப்புச் சமூகத் திட்டங்கள் (மல்காஜ்கிரி)

தெலங்கானாவில் 2016 அக்டோபரில் உருவான மேட்சல்-மல்காஜ்கிரி மாவட்டம் அதற்கு முன் ரங்காரெட்டி மாவட்டத்தின் பகுதியாக இருந்ததால், இங்குள்ள குழந்தைப் பாதுகாப்புப் பணியின் வரலாற்றை, செகந்தராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.வி. அறக்கட்டளை 1991இல் ரங்காரெட்டி மாவட்டச் சிற்றூர்களில் தொடங்கிய இயக்கத்திலிருந்தே கூற வேண்டும். சாந்தா சின்ஹா வழிநடத்திய அவ்வியக்கம், பள்ளிக்கு வெளியே உள்ள ஒவ்வொரு குழந்தையும் உழைப்பாளியே என்ற நிலைப்பாட்டை எடுத்து, வேலையிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைகளை இணைப்பு முகாம்களில், அதாவது வயதுக்கேற்ற வகுப்பில் சேரும்வரை தங்கிப் படிக்கும் இடங்களில், பயிற்றுவித்தது. பெற்றோரைக் குற்றவாளிகளாக்காமல் கூட்டாளிகளாக்கியதும், ஊர் மக்களைக் கொண்டே குழந்தை உரிமைப் பாதுகாப்பு மன்றங்களை அமைத்துக் குழந்தைத் திருமணங்களைத் தடுத்ததுமே அதன் தலையாய சாதனைகள். சின்ஹா 2003இல் மகசேசே விருது பெற்று, 2007இல் தேசியக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்தின் முதல் தலைவரானார்.

வறுமை, கடன், குடி ஆகியவற்றால் குலையும் குடும்பத்தைத் தாங்குவதே குழந்தைகள் மீதான வன்கொடுமையைத் தடுப்பதன் முதற்படி என்பதால், நடுவண் அரசின் வாத்சல்யா திட்டம் வழங்கும் நிதி ஆதரவு தனிச் சிறப்புடையது. குழந்தையைக் காப்பகத்திற்கு அனுப்பாமல் வீட்டிலேயே வளர்க்க மாதம் 4,000 ரூபாய் அளிக்கும் ஏற்பாடு இது. அங்கன்வாடிப் பணியாளர்கள் வீடுகளை அறிந்தவர்களாதலால் துன்பத்தின் அறிகுறிகளை முதலில் காணக்கூடியவர்கள். குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கு 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பொருந்தும்; அதன்படி குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். குழந்தைகளுக்கான உதவித் தொலைபேசி எண் 1098.