மரியன்பாத்: சாட்சியற்ற கடந்தகாலம்

1961-ல் வெனிஸ் திரைப்பட விழாவில் அலென் ரெனேயின் 'போன வருஷம் மரியன்பாத்தில்' தங்கச் சிங்கம் பெற்றது. 1963-ல் அமெரிக்க விமர்சகர் பாலின் கேல் அதை ஃபெலினி, அந்தோனியோனி படங்களோடு ஒரே வரிசையில் உட்காரவைத்துக் கேலி செய்தார். 1978-ல் அமெரிக்காவில் வந்த ஒரு புத்தகம், மிக மோசமான ஐம்பது படங்களில் ஒன்றாக அதைச் சேர்த்தது.

புரிந்தவர்கள், புரியாதவர்கள் என்று இந்தப் பிளவை விளக்கிவிடுவது சௌகரியம். ஆனால் படத்தை உருவாக்கிய இருவருக்கிடையிலேயே பிளவு இருந்தது. ஆடம்பர ஹோட்டல் ஒன்றில் ஒருவன் ஒரு பெண்ணிடம், போன வருஷம் நாம் சந்தித்தோம், என்னோடு வருவதாகச் சொன்னாய் என்கிறான். அவள் மறுக்கிறாள். கடைசியில் அவனோடு போகிறாள். திரைக்கதை எழுதிய அலென் ராப்-கிரியேக்கு, படம் ஓடும் நேரத்துக்கு வெளியே 'போன வருஷம்' என்று ஒன்று கிடையாது. ரெனேயோ சந்திப்பு நடந்ததாக நம்பி இயக்கினார். எழுத்தில் பலாத்காரம் இருந்த இடத்தில், கைவிரித்து நிற்கும் அவளை நோக்கிக் காமிரா திரும்பத் திரும்பப் பாய்கிற, வெளிச்சம் பொங்கும் காட்சியை வைத்தார். தோட்டத்தில் மனிதர்களுக்கு நீண்ட நிழல். மரங்களுக்கு நிழலே இல்லை. மனிதர்களின் நிழல் தரையில் தீட்டப்பட்டது. சாட்சியமே ஜோடனை.

படத்தின் மீதான உண்மையான ஆட்சேபம் அலுப்பு அல்ல. 1960 செப்டம்பரில், அல்ஜீரியப் போரில் ஆயுதமேந்த மறுப்பவர்களை ஆதரித்து 121 பேர் விட்ட அறிக்கையில் ரெனே, ராப்-கிரியே இருவரும் கையெழுத்திட்டார்கள். அதே இலையுதிர் காலத்தில் மியூனிக் பக்கத்து அரண்மனைகளில் சரவிளக்குகளைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். நாஜி முகாம்களையும் ஹிரோஷிமாவையும் பற்றிப் படமெடுத்தவர் இங்கே ஒளிந்துகொண்டாரா என்று கேட்டவர்களை ரஸனையற்றவர்கள் என்று தள்ளிவிட முடியாது.

மரியன்பாத்தை அல்ஜீரியாவின் உருவகமாக்குவது வலிந்து செய்வது. ஆனால், நடந்ததா இல்லையா என்பதை விடாமல் பேசுகிற குரலே தீர்மானித்துவிடுகிற உலகம் அது. பிரெஞ்சு அரசும் அப்படித்தான் பேசியது. அல்ஜீரியாவில் நடந்தது 'போர்' என்று அந்நாட்டுச் சட்டம் ஒப்புக்கொண்டது 1999-ல்தான்.

ரெனேயின் அடுத்த படம் 'முரியேல்' (1963). அல்ஜீரியாவிலிருந்து திரும்பியவன், முரியேல் என்ற பெண் சித்திரவதை செய்யப்பட்டதைச் சொல்கிறான். திரையில் ஓடுவதோ சிப்பாய்களின் பொழுதுபோக்குப் படச்சுருள். அவளை நாம் பார்ப்பதேயில்லை. மரியன்பாத்தில் பிம்பம் இருந்தது, நடந்ததற்கு உறுதியில்லை. இங்கே நடந்தது உறுதி, பிம்பம் இல்லை. முதல் படத்தின் உருவச் சோதனை இல்லாமல் இரண்டாவதன் நேர்மை ரெனேக்குக் கைவந்திருக்காது.