மழை பொய்த்ததும் பஞ்சம் வந்ததும்
தாது வருடப் பஞ்சம் பற்றிய சில வரலாற்றுக் குறிப்புகள்

1

நல்லதங்காள் கதையை அறியாத தமிழ்க் கிராமம் இல்லை எனலாம். மழையின்றிப் பன்னிரண்டு ஆண்டுகள் பஞ்சம் நிலவ, பிள்ளைகள் எழுவரோடும் பிறந்தகம் நாடிச் செல்கிறாள் ஒரு பெண். அங்கு அண்ணன் மனைவி மூளி அலங்காரியால் அவமதிக்கப்பட்டு, பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளித் தானும் மாய்ந்துபோகிறாள். உடன்பிறந்தார் பாசத்தையும் மதினியின் கொடுமையையும் கூறும் கதையாகவே இது பெரும்பாலும் விளக்கப்பட்டு வந்துள்ளது. ஆயின் கதையினுள்ளே பொதிந்துள்ள பிறிதோர் உண்மை மனங்கொள்ளத்தக்கது. அண்ணன் வீட்டில் உணவு இருந்தது. பிள்ளைகள் பசித்து நின்றபோது அது ஒளித்து வைக்கப்பட்டது. அவர்களைக் கொன்றது வானம் மட்டுமன்று. களஞ்சியத்தின் திறவுகோலை வைத்திருந்த கையுமாகும்.

உணவு இல்லாமை வேறு, இருக்கும் உணவைப் பெறும் உரிமை மக்களுக்கு இல்லாமை வேறு என்பதை அமர்த்தியா சென் 1981ஆம் ஆண்டு வெளியிட்ட தமது நூலில் பொருளியல் நோக்கில் நிறுவினார். பெயரறியா நாட்டார் கலைஞர் அவ்வுண்மையைக் குடும்பக் கதையாக முன்னரே கூறியிருந்தனர்.

புவி வெப்பமுறுதலால் உணவு உற்பத்திக்கு நேரும் இடர்கள் உலகெங்கும் பேசப்படும் இந்நாளில், இவ்வேறுபாடு புதிய முக்கியத்துவம் பெறுகிறது. வானிலைக்கும் பட்டினிக்கும் உள்ள தொடர்பு யாது என்னும் வினாவைத் தமிழ் நிலமும் ஈழத்து மலைநாடும் ஒருங்கே சம்பந்தப்பட்ட 1876-78 பஞ்சத்தைக் கொண்டு ஆராய்தல் பயனுடையது.

2

1876ஆம் ஆண்டு தென்னிந்தியாவிற் பருவமழை பொய்த்தது. மறு ஆண்டும் நிலைமை சீர்பெறவில்லை. சென்னை மாகாணம், மைசூர், ஐதராபாத், பம்பாய் மாகாணம் என விரிந்த நிலப்பரப்பைப் பஞ்சம் பற்றியது. பிரித்தானியரின் நேரடி ஆட்சிக்குட்பட்ட பகுதிகளில் மட்டும் 50 இலட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டனர் எனக் கணிக்கப்பட்டுள்ளது. தாது வருடத்திற் தோன்றியமையால் அது மக்கள் நாவில் தாது வருடப் பஞ்சம் ஆயிற்று.

அதே காலப்பகுதியில் வட சீனத்திலும் பிரேசிலின் வடகிழக்கிலும் வறட்சியாற் பெரும் அழிவு நேர்ந்தது. இவை ஒரே இயக்கத்தின் கூறுகள் என்பதை அறிவியல் படிப்படியாகவே உணர்ந்தது. இந்தியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வறட்சி ஒருங்கே நிகழ்வதைச் சாள்ஸ் ரொட் 1888இற் சுட்டினார். பசிபிக், இந்து சமுத்திரங்களுக்கிடையே காற்றமுக்கம் ஏறியிறங்குவதைக் கில்பேட் வோக்கர் 1920களில் விளக்கினார். அதனைப் பசிபிக் நீர்ப்பரப்பின் வெப்ப மாற்றமாகிய எல் நினோவுடன் ஜேக்கப் பியாக்னெஸ் 1969இல் இணைத்தார். 1876-78 வறட்சி பற்றி 2018இல் வெளிவந்த ஆய்வொன்று, முந்திய ஆண்டுகளிற் பசிபிக் மிகக் குளிர்ந்திருந்தமையையும், 1877இல் அசாதாரண வலிமையுடன் எல் நினோ எழுந்தமையையும், இந்து, அத்திலாந்திக் சமுத்திரங்களும் அவ்வேளை வழமை பிறழ்ந்திருந்தமையையும் காட்டியது.

ஆகவே மழை பொய்த்தமைக்கு ஆங்கிலேயரைக் குற்றங்கூறல் இயலாது. ஆயின் மழை பொய்த்தமை பஞ்சமாக மாறிய வழி வானத்தில் அமைந்ததன்று.

3

அவ்வழியைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். நிலவரி பணமாக அறவிடப்பட்டமையால் உழவன் விளைந்தவுடன் விற்கவும், வட்டிக்காரனை நாடவும் நிர்ப்பந்திக்கப்பட்டான். அரசின் முதலீடு நீர்ப்பாசனத்தை விடப் புகையிரதப் பாதைகளையே நாடியது; இதனைப் பொறியியலாளர் ஆர்தர் கொற்றன் இடையறாது கண்டித்தார். புகையிரதம் பஞ்சத்தைத் தடுக்கும் எனக் கூறப்பட்டது. நிகழ்ந்ததோ வேறு. தானியம் பசியுள்ள ஊரை நோக்கியன்றி விலையுள்ள ஊரை நோக்கியே ஓடியது. சென்னைக் கடற்கரையில் தானியம் குவிந்து கிடந்தபோதும் உள்நாட்டுக் கூலியாளனிடம் அதனை வாங்கப் பணமில்லை. இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை ஏற்றுமதியும் நின்றுவிடவில்லை.

1877 சனவரி முதலாந் திகதி விக்டோரியாவை இந்தியாவின் சக்கரவர்த்தினியாகப் பிரகடனஞ் செய்யும் பெருவிழாவை டில்லியில் நடத்திய லிற்றன் பிரபு, தானிய வணிகத்தில் அரசு தலையிடலாகாது என்னும் கொள்கையில் உறுதியாக நின்றார். அவர் தென்னாட்டுக்கு அனுப்பிய சேர் றிச்சாட் ரெம்பிள் முன்பு 1874இற் பீகாரிலே பர்மா அரிசியை இறக்கி மக்களைக் காத்தவர். அதற்காகவே வீண்செலவாளி எனப் பழிக்கப்பட்டவர். இம்முறை அவர் நிவாரண வேலைத்தளங்களில் உழைத்த ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் தானியமும் ஓர் அணாவும் போதுமென விதித்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையாளர் டொக்டர் கோர்னிஷ் இக்கூலி உடலுழைப்பைத் தாங்காது என எதிர்த்து வாதாடிய பின்னரே அது ஓரளவு உயர்த்தப்பட்டது. சென்னையையொட்டி ஓடும் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி இவ்வாறு கஞ்சிக்கு உழைத்தோரால் வெட்டப்பட்டதே.

மாண்டவர் யார் என்பதும் கருதத்தக்கது. நிலமற்ற விவசாயக் கூலிகள், ஒடுக்கப்பட்ட சாதியினர், துணி விற்கவியலாத நெசவாளர் ஆகியோரே முதலில் வீழ்ந்தனர். 1880ஆம் ஆண்டுப் பஞ்ச விசாரணைக் குழுவே, நாட்டில் மொத்தத்தில் உணவு இருந்தது, வேலையும் வருமானமும் அற்றமையே பட்டினிக்குக் காரணம் என ஒப்புக்கொள்ள நேர்ந்தது. மறு ஆண்டு, 1881 பெப்ரவரியில், மார்க்ஸ் தானியல்சனுக்கு எழுதிய கடிதத்தில், இந்தியாவிலிருந்து ஈடின்றி உறிஞ்சப்படும் செல்வத்தையும் அடுத்தடுத்து வரும் பஞ்சங்களையும் ஒருசேர வைத்து நோக்கினார்.

தமிழ் இலக்கியம் இப்பஞ்சத்தை எவ்வாறு உள்வாங்கியது? வில்லியப்ப பிள்ளையின் ‘பஞ்சலட்சணத் திருமுக விலாசம்’ 1899இல் வெளிவந்தது. பஞ்சத்தால் வாடிய மக்கள் மதுரைச் சொக்கநாதரிடம் முறையிட, இறைவன் சிவகங்கை அதிபதிக்குத் திருமுகம் கொடுத்தனுப்புவதாக அதன் அமைப்பு. துயரத்தை எள்ளலோடு கலந்து பேசும் அந்நூல் சமூக ஆவணமாகப் பெருமதிப்புடையது. எனினும் இறைவனே ஆனாலும் சமீன்தாருக்குத்தான் கடிதம் எழுதவேண்டியுள்ளது. உணவு மக்களின் உரிமையாகவன்றிப் புரவலனின் கொடையாகக் கருதப்பட்ட சமூகத்தின் எல்லை இங்கு புலனாகின்றது.

4

இப்பஞ்சத்தின் ஒரு கிளை ஈழத்திலே உள்ளது. தமிழ் மாவட்டங்களிற் பசித்தோர் அவ்வாண்டுகளிற் கடல் கடந்து மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்குப் பெருந்தொகையாக வந்தனர். வறட்சி தோட்டத்துரைக்கு மலிவான உழைப்பைத் திரட்டிக் கொடுத்தது. தொழிலாளிக்கு வழங்கப்பட்ட அரிசியும் கடல் கடந்தே வந்தது. அதன் விலை அவன் கூலியிற் கழிக்கப்பட்டது. உணவு விளைவிக்காத நிலத்திலே, உணவை விலைக்கு வாங்கவேண்டிய ஒரு வர்க்கம் உருவாயிற்று. 1869இல் முதன்முதலாகக் காணப்பட்ட இலைநோய் கோப்பியை அழிக்க, முதலாளித்துவம் தேயிலைக்கு மாறியது. பயிர் மாறிற்று, தொழிலாளியின் நிலை மாறவில்லை.

ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னர், 2022-23 நெருக்கடியின்போது ஐக்கிய நாடுகள் உணவு நிறுவனங்கள் நடத்திய மதிப்பீடுகளில், உணவுப் பாதுகாப்பின்மை பெருந்தோட்ட மக்களிடையே மிக உயர்ந்து காணப்பட்டது. அந்நெருக்கடிக்கு வறட்சி காரணமன்று. அந்நியச் செலாவணி வற்றியமையும், 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டமையும் முக்கிய காரணிகளாம். அதிர்ச்சி எத்திசையிலிருந்து வரினும் அது முதலில் இறங்கும் வீடு ஒன்றாகவே இருந்து வருகிறது.

5

இதுகாறும் கூறியவற்றால், பஞ்சம் மனிதர் ஆக்கியதே என்னும் முற்போக்காளர் கூற்று உறுதிப்படுகின்றது. எனினும் நாம் ஒரு குறைபாட்டையும் ஏற்றல் வேண்டும். காலனியாட்சியாளர் பழியை வானத்தின்மீது சுமத்தியமைக்கு எதிர்வினையாக, நம்மிற் பலர் வானத்தை ஆய்விலிருந்தே நீக்கிவிட்டோம். இயற்கையை மாறாத பின்திரையாகவே கருதினோம். இன்று அது இயலாது. 1877இன் எல் நினோ மனிதச் செயலால் விளைந்ததன்று. ஆனால் இன்றைய எல் நினோ, நிலக்கரியும் எண்ணெயும் எரித்துச் சூடேற்றப்பட்ட புவியின்மீது எழுகின்றது. 2024ஆம் ஆண்டின் சராசரி வெப்பநிலை, கைத்தொழில் வளர்ச்சிக்கு முந்திய நிலையிலும் 1.5 பாகை செல்சியசுக்கு மேல் உயர்ந்தது. மனிதனுக்கும் மண்ணுக்கும் இடையிலான பொருட்பரிமாற்றத்தை முதலாளித்துவ உற்பத்தி குலைக்கின்றது என மார்க்ஸ் கூறியது இப்பொழுது வளிமண்டலத்துக்கும் பொருந்துகின்றது. வானமும் வர்க்க வரலாற்றுக்குள் வந்துவிட்டது.

மறுபுறம், ‘காலநிலை மாற்றம்’ என்னும் தொடர் ஆட்சியாளருக்குப் புதிய சாட்டாகவும் அமையக்கூடும். எல் நினோ ஆண்டாகிய 2023இல் இந்தியா பாசுமதியல்லாத வெள்ளையரிசி ஏற்றுமதியைத் தடைசெய்தபோது உலகச் சந்தையில் விலை ஏறியது. அத்தடை 2024 வரை நீடித்தது. தன் மக்களுக்கென அரிசியைத் தடுத்துவைத்தல் 1877இன் அரசு செய்யாதது. அதனை நாம் எளிதிற் கண்டிக்க முடியாது. ஆயினும் வாங்கியுண்ணும் நாடுகளின் ஏழைக்கு அத்தடையும் மூடிய களஞ்சியமே. காற்றமுக்கத்தின் கணக்கை அறிவியலாளர் தருவர். களஞ்சியம் யாருக்காக, யாரால் மூடப்படுகின்றது என்ற கணக்கை வரலாற்று மாணவரே கேட்டல் வேண்டும்.

அதற்கு நமது துறையும் உதவலாம். பஞ்சக் கும்மிகளும் மலையக நாட்டார் பாடல்களும் பெரும்பாலும் அழகியல் நோக்கிலேயே தொகுக்கப்பட்டுள்ளன. அவற்றில் இடம்பெறும் தானியப் பெயர்கள், விலைகள், கடன்கள், ஊர்விட்டுச் சென்ற வழிகள் ஆகியன அரச ஆவணங்களோடும் மழைப் பதிவுகளோடும் ஒப்புநோக்கப்படல் வேண்டும். பட்டினியை அறிக்கையாக எழுதியோரின் குரல் நமக்கு வேண்டியமட்டும் கிடைத்துள்ளது. அதனை அனுபவித்தோரின் சாட்சியம் இன்னும் லயன் அறைகளில் முதியோர் நினைவிலே கிடக்கின்றது. அவர்கள் மறையுமுன் அதனைப் பதிவு செய்தல் நம் கடன்.