போனவருக்குச் சாட்சி

வாஷிங்டன் ஏழாம் தெருவில் ஒரு பழைய கட்டடத்தை இடிப்பதாக இருந்தார்கள். 1990-களின் பிற்பகுதியில், இடிக்கும் முன் பார்த்துவர அரசு ஊழியர் ஒருவர் போனார். பரணில் தாள்களும் துணிமணிகளும் கிடந்தன. கூடவே ஒரு பெயர்ப்பலகை. காணாமற்போன படைவீரர்களுக்கான அலுவலகம், மூன்றாம் தளம், 9-ஆம் எண் அறை, மிஸ் கிளாரா பார்ட்டன் என்று அதில் எழுதியிருந்தது. கட்டடம் தப்பியது. இப்போது அது அருங்காட்சியகம்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் மாண்டார்கள். யார் எங்கே எப்படி இறந்தார் என்று வீட்டுக்குத் தெரிவிக்கும் முறையான ஏற்பாடு எதுவும் படையிடம் இல்லை. 1865 முதல் 1868 வரை பார்ட்டனும் அவருடைய உதவியாளர்களும் அந்தச் சின்ன அறையிலிருந்து 63,000-க்கும் மேற்பட்ட கடிதங்களைக் கையாண்டார்கள். சுமார் 22,000 பேருக்கு என்ன ஆனது என்று கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

பார்ட்டனுக்குக் கடிதம் எழுதியவர்களுக்கு முதலில் தெரிய வேண்டியிருந்தது, ஆள் இருக்கிறாரா இல்லையா என்பது. ஆஸ்பத்திரியில் இறந்தவர்களின் வீட்டார் கேட்டது வேறு. அவர் வலியில் துடித்தாரா, நினைவோடு இருந்தாரா, எங்களைப் பற்றி ஏதும் சொன்னாரா, பக்கத்தில் யார் இருந்தது? வார்டில் இருந்த நர்ஸுகளும் பக்கத்துப் படுக்கைத் தோழர்களும் இதற்குப் பதில் எழுதினார்கள். கவிஞர் வால்ட் விட்மன் வாஷிங்டன் ஆஸ்பத்திரிகளில் வீரர்களோடு உட்கார்ந்திருந்து, இறந்தவர்களின் பெற்றோருக்குத் தானே கடிதம் எழுதியவர். எங்கள் ஊரில் துக்கம் கேட்க வருகிறவர்களும் இதையேதான் கேட்பார்கள்: கடைசியில ரொம்பக் கஷ்டப்பட்டாரா? ஒரு வாய் தண்ணி உள்ள போச்சா? யாரு பக்கத்துல இருந்தது?

நான் நர்ஸ். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் முன்னாள் படைவீரர்களுக்கான ஓர் அரசு மருத்துவமனையில், நோய் தீராது என்று தெரிந்தவர்களைக் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் பிரிவில் வேலை. இந்த வேலையின் பழைய வரலாற்றைப் படித்தபோது என்னைப் பிடித்து நிறுத்தியது ஒன்றுதான். நூறாண்டுக்கும் மேலாகக் குடும்பம் கேட்டது, ஆஸ்பத்திரி பதில் சொன்னது. பிறகு அது திரும்பிவிட்டது. ஆஸ்பத்திரி கேட்கிறது, குடும்பம் பதில் சொல்கிறது.

அது ஒரே நாளில் திரும்பவில்லை. லிங்கன் 1865 மார்ச்சில் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, ஊனமுற்ற வீரர்களுக்கான முதல் தேசிய இல்லம் மறு ஆண்டு மேய்ன் மாநிலத்தில் டோகஸ் என்ற இடத்தில் திறந்தது. கூரையும் சாப்பாடும் கிடைத்தன, இறந்தால் புதைக்க இடமும் உண்டு. எப்படி இறந்தார் என்பது மட்டும் கேஸ் ஷீட்டில் ஒரு வரியோடு முடிந்துபோகும். 1930-இல் எல்லாவற்றையும் ஒன்றாக்கி முன்னாள் படைவீரர் நிர்வாகம் அமைந்த பிறகும் இந்தப் பழக்கம் நெடுநாள் மாறவில்லை.

இறந்தவரைப் பற்றி வீட்டாரிடம் போய்க் கேட்கலாம் என்பதை ஆய்வுமுறையாக்கிக் காட்டியவர் இங்கிலாந்தின் ஆன் கார்ட்ரைட். 1969-இல் இறந்தவர்கள் சிலரின் உறவினர்களைச் சந்தித்து, கடைசி ஓராண்டு எப்படிக் கழிந்தது என்று கேட்டார். அமெரிக்காவை உலுக்கியது 1995-இல் வெளிவந்த ஓர் ஆய்வு. ஐந்து பெரிய போதனா மருத்துவமனைகள், 9,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள். நினைவோடு இருந்து ஆஸ்பத்திரியில் இறந்தவர்களில் பாதிப் பேர், கடைசி நாட்களில் பாதி நேரமாவது கடும் வலியிலோ ஓரளவு வலியிலோ இருந்தார்கள் என்று குடும்பத்தினர் சொன்னார்கள்.

2003-இல் ஒவ்வொரு படைவீரர் மருத்துவமனையிலும் வலி தணிப்புக் குழு இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. குழு அமைத்தாயிற்று, பயன் இருக்கிறதா என்று யாரிடம் கேட்பது? பிலடெல்பியாவில் டேவிட் காசரெட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் குடும்பங்களுக்குப் போன் செய்து கேட்கும் நீண்ட கேள்வித்தாள் ஒன்றை உருவாக்கினார்கள். அதைச் சுருக்கியதுதான் இன்றைய ‘இழப்புற்ற குடும்பத்தினர் கருத்தறிதல்’. 17 கேள்விகளுக்குக் கட்டம் போட்ட விடைகள், மனம்போல எழுத இரண்டு. இறந்து சில வாரங்களில் நெருங்கிய உறவினருக்குப் போகும்.

துக்க வீட்டில் போய் மதிப்பெண் கேட்பதா என்று உடன் வேலை செய்பவர்கள் சிலர் முகம் சுளித்ததுண்டு. அந்தக் கூச்சத்தை நான் மதிக்கிறேன். குடும்பத்தின் நினைவை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. நோயாளி சொல்வதைவிட வலியைக் கூட்டிச் சொல்வது உறவினர் வழக்கம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனாலும் படுக்கையில் கிடந்தவர் இனி வந்து சொல்லப்போவதில்லை. கேஸ் ஷீட் எழுதியது நாங்கள். எங்கள் வேலைக்கு எங்கள் எழுத்தே சாட்சியாக இருக்க முடியாது.

கேள்விகள் சாதாரணமானவைதான். சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார்களா, அன்பாக நடத்தினார்களா, குளிப்பாட்டுவது உடை மாற்றுவது ஒழுங்காக நடந்ததா, முடிவு நெருங்குகிறது என்று முன்கூட்டிச் சொன்னார்களா, அடக்கச் செலவு உதவியையும் குடும்பத்துக்கான சலுகைகளையும் விளக்கினார்களா. ஒன்று மட்டும் மற்ற ஆஸ்பத்திரிகளில் பொதுவாகக் கேட்காதது: கடைசி மாதத்தில் போரின் நினைவுகள் வந்து அவரை அலைக்கழித்தனவா?

வியட்நாமிலிருந்து இருபது வயதில் திரும்பியவர் எழுபதைத் தாண்டிப் படுக்கையில் விழுகிறார். உடல் தளரத் தளர, இத்தனை காலம் அடக்கி வைத்திருந்தது மேலே வருகிறது. ராத்திரியில் கத்துவார், படுக்கையைவிட்டு இறங்கித் தவழப் பார்ப்பார். சாகும் நேரத்துக் குழப்பம் என்று நாங்கள் எழுதி, ஊசி போட்டு அமைதிப்படுத்துவோம். மனைவிக்குத்தான் தெரியும், நாற்பது வருஷமாக அவர் அப்படித்தான் என்று. ஜூலை 4 சுதந்திர தின வாணவேடிக்கை இரவில் அவர் எங்கே போய் ஒளிந்துகொள்வார் என்பதும் அவளுக்குத்தான் தெரியும். அந்த விடைகளைப் படித்த பிறகு எங்கள் பிரிவில் சேர்க்கும் அன்றே மனைவியிடம் இதைக் கேட்டுவிடுகிறோம். தூங்குகிறவரைத் தோளைத் தொட்டு எழுப்புவதில்லை. கால்மாட்டில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம். இதனால் ஊசி வேண்டாமென்று ஆகிவிடவில்லை. ஆனால் ஊசிக்கு முன்னால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

கட்டம் போட்ட விடைகளைவிட அந்த இரண்டு வெற்றிடங்களே எனக்கு முக்கியம். தாளின் ஓரம் வரை எழுதியிருப்பார்கள். எந்த நர்ஸ் முகச்சவரம் செய்துவிட்டாள் என்பது இருக்கும். யார் வாசலில் நின்றபடியே பேசிவிட்டுப் போனார் என்பதும் இருக்கும். உடலின் மேல் கொடி போர்த்தி, ஊழியர்கள் தாழ்வாரத்தில் வரிசையாக நின்று வழியனுப்பியதைப் பலர் எழுதுகிறார்கள். வீட்டில் ஒருநாளும் போரைப் பற்றி வாய் திறக்காத மனிதருக்கு அந்த மரியாதை கிடைத்ததைப் பார்த்த பிள்ளைகள் அவர்கள்.

2016-இல் இந்த விடைகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. புற்றுநோயிலும் மறதிநோயிலும் இறந்தவர்களின் குடும்பங்களில் சுமார் 59 சதவீதம், கவனிப்பு மிகச் சிறப்பு என்றன. சிறுநீரகம், இதயம், நுரையீரல் செயலிழந்து இறந்தவர்களின் குடும்பங்களில் அப்படிச் சொன்னவை ஏறக்குறைய 55 சதவீதம். இவர்களைத்தான் வலி தணிப்புக் குழு குறைவாகப் பார்க்கிறது, இவர்கள்தான் தீவிர சிகிச்சைப் பிரிவில் அதிகம் இறக்கிறார்கள். அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டபோது இடைவெளி பெரும்பாலும் மறைந்தது. அமெரிக்காவில் மற்ற முதியவர்கள் ஹாஸ்பிஸ் என்ற கடைசிக்காலக் கவனிப்பு வேண்டுமென்றால் பெரும்பாலும் நோய்க்கான சிகிச்சையை விட வேண்டியிருக்கும். படைவீரர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. டயாலிசிஸ் செய்துகொண்டே எங்களிடம் வரலாம். சட்டம் தடுக்கவில்லை, நாங்கள்தான் போய்ப் பேசவில்லை.

இப்போது டயாலிசிஸ் பிரிவிலிருந்து எங்களுக்கு அழைப்பு வருகிறது. பாதிக்கு மேல் இன்னமும் தாமதமாகத்தான் வருகிறது, கடைசி வாரத்தில்.