கத்தி படுமுன் தண்ணீர் பட வேண்டும்: காய்கறி, பழங்களை வீட்டில் கழுவும் முறை

பாசார் மாலாமில் வாங்கிய காங்கோங், கேமரன் மலையிலிருந்து வந்த முட்டைக்கோஸ், பிள்ளைகளுக்காக எடுத்த திராட்சை. இவை நம் வீட்டுக்கு வருவதற்குள் தோட்டம், லோரி, கடை எனப் பல கைகள் மாறிவிடுகின்றன. மண், மருந்து எச்சம், கிருமி எல்லாம் கூடவே வருகின்றன. நம்மில் பலர் காய்கறியைக் கழுவத்தான் செய்கிறோம். ஆனால் நறுக்கிவிட்டுக் கழுவுகிறோம். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

தோல்மேல் இருக்கும் கிருமியைக் கத்தி உள்ளே கொண்டு போய்விடும். நறுக்கிய துண்டுகளைத் தண்ணீரில் ஊறவைத்தால் வைட்டமின் 'சி' போன்ற சத்துகளும் கரைந்து போகும். ஆகவே முதலில் கழுவ வேண்டும், பிறகுதான் நறுக்க வேண்டும்.

தோலை உரித்துச் சாப்பிடும் பழங்களுக்கும் இது பொருந்தும். 2018-இல் ஆஸ்திரேலியாவில் ரோக்மெலன் பழத்தின் வழியாகப் பரவிய லிஸ்டீரியா கிருமியால் 7 பேர் உயிரிழந்தனர். அதன் சொரசொரப்பான தோலில் கிருமி எளிதாக ஒட்டிக்கொள்ளும். ரம்புத்தானைப் பல்லால் கடித்துத் திறக்கும் பழக்கம் உள்ளவர்களும் அதை ஒருமுறை கழுவிக்கொள்வது நல்லது.

கழுவும் முறை

1. முதலில் கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கோழி, மீன் கழுவிய சிங்க்கைத் தேய்த்துச் சுத்தம் செய்த பிறகே காய்கறியை அதில் வையுங்கள்.

2. அழுகிய, நசுங்கிய பகுதிகளை அகற்றுங்கள். முட்டைக்கோஸின் வெளி இலைகள் இரண்டைக் கழற்றிவிடுங்கள்.

3. ஓடும் தண்ணீரில் அரை நிமிடமாவது கையால் தேய்த்துக் கழுவுங்கள். அழுக்கை அகற்றுவது தண்ணீரும் தேய்ப்பும் சேர்ந்துதான். பைப் தண்ணீர் சரியாக வராத தோட்ட வீடுகளில் சுத்தமான தண்ணீரைக் குவளையால் மேலிருந்து ஊற்றிக் கழுவலாம். ஒரே வாளித் தண்ணீரில் எல்லாவற்றையும் முக்கி எடுத்தால், ஒன்றின் அழுக்கு மற்றதில் ஒட்டும்.

4. சுத்தமான துணியால் துடைத்து ஈரத்தைப் போக்குங்கள்.

எதை எப்படி?

கீரை, சாவி, காங்கோங்: வேர்ப்பகுதியை வெட்டிவிட்டு இலைகளைத் தனித்தனியாகப் பிரியுங்கள். அகலமான பாத்திரத்தில் அலசி, மண் அடியில் தங்கியதும் கீரையை மேலே தூக்கி எடுங்கள். பாத்திரத்தைச் சாய்த்துத் தண்ணீரை வடித்தால் தங்கிய மண் மறுபடியும் கீரையிலேயே விழும். அடியில் மண் தென்படாத வரை தண்ணீரை மாற்றுங்கள். கடைசியாக ஓடும் தண்ணீரில் அலசுங்கள்.

காலிஃப்ளவர், புரோக்கோலி: முதலில் முழுதாகக் கழுவி, பூக்களாகப் பிரித்து, உப்புத் தண்ணீரில் 10 நிமிடம் வையுங்கள். ஒளிந்திருக்கும் புழுக்கள் வெளியே வரும். பிறகு மீண்டும் அலசுங்கள்.

உருளை, கேரட்: தோலைப் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள்.

வெண்டைக்காய்: முழுதாகக் கழுவி, துடைத்து, பிறகு நறுக்குங்கள். வழவழப்பும் குறையும்.

திராட்சை, ஸ்ட்ராபெரி: சாப்பிடும் நேரத்தில் மட்டும் கழுவுங்கள். ஈரத்தோடு ஐஸ்பெட்டியில் வைத்தால் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும்.

சவர்க்காரம் வேண்டாம்

பாத்திரம் கழுவும் திரவம், துணி வெளுக்கும் மருந்து ஆகியவற்றைக் காய்கறியில் பயன்படுத்தக் கூடாது. அவை மேற்பரப்பில் ஊறித் தங்கி, வயிற்றுக்குள் போகும்.

மருந்து எச்சத்தைக் குறைக்க விரும்பினால் ஆப்பச்சோடாவைப் பயன்படுத்தலாம். 2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஆப்பிள்களைச் சோடா கரைத்த தண்ணீரில் 12 முதல் 15 நிமிடம் வைத்தபோது, சோதித்த இரு மருந்துகளின் மேற்பரப்பு எச்சம் நீங்கியது. 1 லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 2 தேக்கரண்டி போதும். ஆனால் தோலுக்குள் ஊடுருவிய மருந்து போகவில்லை. எந்தக் கழுவலுக்கும் இந்த எல்லை உண்டு. தோலை உரித்தால் இன்னும் குறையும்; ஆனால் தோலில் உள்ள நார்ச்சத்தும் போய்விடும்.

பச்சையாக உண்போர் கவனத்திற்கு

வல்லாரை, உலாம் இலைகளைப் பச்சையாக உண்பவர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். நத்தைகளிலும் ஓடில்லா நத்தைகளிலும் வாழும் ஒரு வகைப் புழு, மனித உடலுக்குள் சென்றால் மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் அழற்சியை உண்டாக்கும். இலை மடிப்பில் ஒளியும் குட்டி நத்தை கண்ணில் படாமலும் போகலாம். ஆகவே ஒவ்வோர் இலையாக, இருபுறமும் பார்த்துக் கழுவுங்கள். கர்ப்பிணிகள், சிறு பிள்ளைகள், முதியோருக்கு வேகவைத்துக் கொடுப்பதே பாதுகாப்பானது.

தோட்டப்புறக் குடும்பங்களுக்கு இன்னொரு வார்த்தை. களைக்கொல்லி, பூச்சிமருந்து வந்த தோம்புகளை எத்தனை முறை கழுவினாலும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். அதில் பிடித்து வைத்த தண்ணீரில் கழுவினால், சுத்தமான காய்கறியிலும் விஷம் ஏறும். மருந்தடித்துவிட்டு வருபவர்கள் குளித்து, உடை மாற்றிய பிறகே அடுப்படிக்குள் நுழைய வேண்டும்.

இதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை. தண்ணீரும் சில நிமிடங்களும் போதும். காய்கறி, பழம் சாப்பிடப் பயப்படவும் வேண்டாம். கழுவிச் சாப்பிடுங்கள், தினமும் சாப்பிடுங்கள்.